கடிக்காத காட்டேரியின் பிடி

"ரத்தக்காட்டேரியும் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் காதலிக்கிற கதையைப் போய் எப்படி நாலு பாகமும் படித்தீர்கள்?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பேய்க்கதைகளில் எனக்கு நாட்டம் கிடையாது. பதின்வயதுக் காதல் கதைகளைத் தேடிப் படிக்கிற வழக்கமும் இல்லை. அக்கா மகள்தான், "சித்தி, நூறு பக்கம் படிங்க, பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுடுங்க" என்று ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவலைக் கையில் திணித்தாள். வேண்டாவெறுப்பாகப் பிரித்தேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள், அடுத்த பாகம் வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டேன். மனசில்லாமல் வருகிறவரைக்கூட இந்தத் தொடர் எதைக் கொண்டு கட்டிப்போடுகிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை. 17 வயது பெல்லா ஸ்வான், வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸை விட்டுவிட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, அங்கே போலீஸ் அதிகாரியாக இருக்கும் அப்பாவிடம் வந்து சேர்கிறாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவன் எட்வர்ட் கல்லன். பார்வைக்கு அவனுக்கும் 17 தான். ஆனால் பிறந்தது 1901-இல். 1918-இல் சிகாகோவில் ஸ்பானிஷ் ஃப்ளூ கண்டு சாகக் கிடந்தவனை, கார்லைல் என்ற மருத்துவர் தன்னைப்போலவே ரத்தக்காட்டேரியாக மாற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார். அந்தக் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடாது. காட்டு விலங்குகளை வேட்டையாடிப் பசியாறும். ஆனால் பெல்லாவின் ரத்தவாசம் எட்வர்டைப் படுத்துகிற பாடு, வேறு யாருடைய வாசமும் படுத்தியதில்லை. அவளை நேசிக்கிறான், அவளைக் கொல்லவும் உடம்பு பரபரக்கிறது. தொடர் முழுக்க இந்த முடிச்சின்மேல்தான் நிற்கிறது.

இந்த முடிச்சு எங்கே விழுந்தது என்பதை மேயரே சொல்லியிருக்கிறார். 2003 ஜூன் 2. அரிசோனாவில் மூன்று சின்னப் பையன்களை வளர்த்துக்கொண்டிருந்த அவருக்கு ஒரு கனவு. காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி; அங்கே ஒரு பெண்ணும், வெயிலில் உடம்பு மின்னுகிற ஒரு ரத்தக்காட்டேரியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன்னைக் கொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய பாடு என்று அவன் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான். அன்றுதான் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடங்கிய நாள் என்பதால் தேதி அவருக்கு மறக்கவில்லை. கனவை அன்றைக்கே எழுதத் தொடங்கினார். நாவலின் 13-ஆம் அத்தியாயம் அதுதான். அங்கிருந்து கதையின் முடிவுவரை எழுதிக்கொண்டு போய், அதன்பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி, முதல் 12 அத்தியாயங்களை எழுதிச் சேர்த்தார். மூன்றே மாதத்தில் நாவல் முடிந்தது.

நம்மைப் பிடித்து இழுக்கும் வித்தை இந்த எழுத்துமுறையில்தான் இருக்கிறது. போய்ச் சேரவேண்டிய இடம் முன்பே எழுதியாகிவிட்டதால், முதல் பாதியில் வருகிற ஒவ்வொரு காட்சியும் அந்தப் புல்வெளியைப் பார்த்தே நகர்கிறது. சேருமிடம் நமக்குத் தெரியாது; இழுப்பு மட்டும் தெரியும்.

உயிரியல் வகுப்புக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லா உள்ளே வருகிறாள். காலியாக இருப்பது எட்வர்டின் பக்கத்து இருக்கை மட்டும். அவள் உட்கார்ந்ததும் அவன் நாற்காலியின் ஓரத்துக்கு ஒதுங்குகிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தொடைமேல் வைத்த கை முஷ்டியாக இறுகியது இறுகியபடியே இருக்கிறது. பெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன்மேல் ஏதும் நாற்றம் அடிக்கிறதா என்று தலைமுடியை மோந்து பார்க்கிறாள். ஷாம்புவின் ஸ்ட்ராபெரி வாசம்தான் வருகிறது. மணி அடித்ததும் அவன் முதல் ஆளாக வெளியேறுகிறான். பிறகு பல நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை. திரும்பி வரும்போது மரியாதையாக, இனிமையாகப் பேசுகிறான். அன்று கரிய நிறத்தில் இருந்த கண்கள் இன்று பொன்னிறம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கிறாயா என்று அவள் கேட்கிறாள்.

ஒரு மணி நேர வகுப்பு. ஒரு வார்த்தை பேச்சில்லை. ஆனாலும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது. புது ஊரில், புதுப் பள்ளியில், பக்கத்தில் இருப்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்தப் பெண்ணுக்கும் வருகிற கூச்சம்தான் பெல்லாவுக்கும் வருகிறது. அந்தக் கூச்சத்துக்கு அடியில் உயிர் போகிற ஆபத்து ஒன்று ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இதே காட்சியை எட்வர்டின் பக்கத்திலிருந்து சொல்லும் 'மிட்நைட் சன்' 2020-இல் வந்தது. வகுப்பிலுள்ள அத்தனை பேரையும் எப்படிக் கொன்று தீர்ப்பது என்று அவன் அந்த ஒரு மணி நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அதில் தெரியவரும்.

ஆபத்து மட்டும் இருந்தால் அது திகில் கதையோடு நின்றிருக்கும். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வில் காட்டேரியின் பசிதான் அவன் பலம். மேயரின் நாயகனுக்கோ பசியை அடக்குவதில்தான் பெருமை. அதற்குமேல் அவர் சேர்த்த இன்னொரு விஷயம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எட்வர்டுக்குப் பிறர் மனசில் ஓடுவது காதில் விழுவதுபோலக் கேட்கும். பெல்லாவின் மனசு மட்டும் கேட்காது. ஆகவே, அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் அவளிடமே கேட்டாக வேண்டும்.

கேட்கிறான். பள்ளிக்குப் போகும் வழியில், வகுப்புக்கு வகுப்பு நடக்கும்போது, மதியச் சாப்பாட்டின்போது என்று ஒரு நாள் முழுக்கக் கேள்விகள். பிடித்த நிறம் எது, என்ன இசை கேட்பாய், என்னென்ன புத்தகம் படிப்பாய், பிடித்த ரத்தினம் எது. புஷ்பராகம் என்று சட்டெனச் சொல்லிவிட்டு அவள் சிவந்துபோகிறாள். கொஞ்ச நாள் முன்புவரை வேறு கல்லைத்தான் சொல்லியிருப்பாள். புஷ்பராகத்தின் நிறம் அவன் கண்களின் நிறம். ஏன் முகம் சிவந்தது என்று அதையும் அவன் விடாமல் கேட்கிறான்.

16, 17 வயதில், "சாப்பிட்டியா, படிச்சியா, எத்தனை மணிக்கு வருவே" என்பவற்றைத் தாண்டி ஒரு பெண்ணிடம் யார் என்ன கேட்கிறார்கள்? உன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒருவன் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்து, அந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்கிறான். இந்தத் தொடரைப் படித்துக் கிறங்கிய பெண்கள் தேடியது கோரைப்பல்லை அல்ல, இந்தக் கவனிப்பைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். பெல்லா எப்படி இருப்பாள் என்பதை மேயர் அதிகம் வர்ணிக்காமல் விட்டதும் தெரிந்து செய்ததே. படிக்கிறவள் அந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தக் கவனிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2006-இல் வந்த இரண்டாம் பாகமான 'நியூ மூன்' காட்டுகிறது. எட்வர்ட் பிரிந்து போகிறான். அடுத்த பக்கங்களில் கதை இல்லை. ஒரு பக்கத்தில் 'அக்டோபர்' என்ற சொல் மட்டும். அடுத்து 'நவம்பர்', பிறகு 'டிசம்பர்', பிறகு 'ஜனவரி'. மீதி வெள்ளைத்தாள். அந்தப் பக்கங்களில் துக்கத்தை வர்ணிக்க மேயர் ஒரு வரிகூடச் செலவழிக்கவில்லை. நாலு தாளைப் புரட்டும் நேரத்தில் நாலு மாதம் அவளுக்குக் கழிந்த விதம் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இப்படிப் பிடிக்கும் என்பதைத் தொடக்கத்தில் பலர் கணிக்கவில்லை. கைப்பிரதியைப் பார்த்த இலக்கிய முகவர்களில் பலர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 2005 அக்டோபரில் முதல் பாகம் வந்தது. 2008 ஆகஸ்ட் 2-இல் நாலாவது பாகமான 'பிரேக்கிங் டான்' வெளியானபோது அமெரிக்காவில் முதல் நாளே 13 லட்சம் பிரதிகள் விற்றன. தொடர் மொத்தத்தில் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்கள் வந்தன.

இனி, பிடித்துப்போனவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய மறுபக்கம். அந்தக் கவனிப்பு ஓரிடத்தில் எல்லை தாண்டுகிறது. எட்வர்ட் இரவில் பெல்லாவின் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழைந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகமான 'எக்லிப்ஸ்'-இல், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகாமல் தடுக்க, அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். எல்லாம் அவள் பாதுகாப்புக்காக என்கிறது கதை. நிஜத்தில் ஒருவன் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் கண்காணிப்பு. கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஒளிந்திருந்து பார்ப்பதும் இந்தக் கதைக்குள் ஒரே அன்பாக, ஒரே மெருகோடு வருகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வேலையை நாவல் செய்யவில்லை. வாசகர்தான் செய்ய வேண்டும்.

கேட்காமல் எடுத்துக்கொண்டது கதைக்கு வெளியேயும் நடந்தது. ஜேக்கப் குயிலயூட் பழங்குடியைச் சேர்ந்தவன். அவர்கள் கற்பனை மக்கள் அல்லர். ஃபோர்க்ஸுக்கு அருகே லா புஷ் கடற்கரையில் வாழ்கிறார்கள். நாவலில் அவர்களைப் பற்றி வருகிற, ஓநாயாக மாறும் இளைஞர்கள், காட்டேரிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கை எல்லாம் மேயரின் கற்பனை. அவர்களுடைய மரபுக் கதையில் நடப்பது வேறு: உருமாற்றும் ஆற்றல் உடைய ஒருவர் ஓநாய்களை மனிதர்களாக மாற்றினார், அந்த மனிதர்களின் வழிவந்தவர்களே குயிலயூட் மக்கள். சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம், நாவல் சொல்வது எது, உண்மை எது என்பதை அவர்களோடு சேர்ந்து விளக்கி வெளியிட்டது. அந்த மக்களின் உண்மையான கவலை கடல். சுனாமி வந்தால் மூழ்கக்கூடிய தாழ்நிலத்தில் அவர்கள் ஊர் இருக்கிறது. மேட்டுநிலத்துக்குக் குடிபெயர இடம் தரும் சட்டம் 2012-இல் நிறைவேறியது. ஜேக்கப்பைப் பிடித்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் பரிந்து பேசுகிறேன் என்று கேட்பீர்கள். பையன்கள் சண்டைக் கதையில் மூழ்கினால் அதை வயசுக்கு உரிய ஆர்வம் என்று விட்டுவிடுகிறோம். பெண்பிள்ளைகள் கூட்டமாக ஒன்றை விரும்பினால் மட்டும் அதைப் பைத்தியம் என்கிறோம். அந்த இளக்காரத்தால் ஒரு நஷ்டமும் உண்டு: நாம் சிரித்தால் அவர்கள் புத்தகத்தை மறைத்து வைத்துக்கொள்வார்கள், அதில் எது இனிமை, எது ஆபத்து என்று பேசுகிற வாய்ப்பு போய்விடும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெண் கையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் பிடுங்காதீர்கள். முதல் பாகத்தையாவது நீங்களும் படியுங்கள். எட்வர்ட் கேட்கிற கேள்விகளில் உனக்குப் பிடித்தது எது, எந்த இடத்தில் அவன் கேட்பதை விட்டுவிட்டுக் காவல் காக்கத் தொடங்குகிறான் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பொறுமை நம்மிடம் இருந்தால், அதற்காக அவள் ஒரு காட்டேரியைத் தேடிப் போக வேண்டியதில்லை.