வானம் மட்டும் அழகாக இருந்தால் போதுமா?

காசிமேட்டுச் சூரிய உதயத்தைப் படம் எடுக்காத ஆள் நம் கல்லூரியில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். நானும் எடுத்தேன். என்-4 பீச்சில் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார், பின்னால் வானம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி! பெருமையாக வீட்டில் காட்டினேன். அம்மா போனைக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, அப்பா மூஞ்சி எங்கடா?" என்று கேட்டாங்க. அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, கரிக்கட்டையாட்டம் கீறேன்" என்றார்.

அன்றிலிருந்துதான் இதைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

பிரகாசமான வானத்தையும் இருட்டான தரையையும் நம் கண் ஒரே நேரத்தில் சமாளித்துவிடும். கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் மேகம் நன்றாக விழும், ஆள் கறுத்துவிடுவான். ஆளைத் தொட்டால் வானம் வெளுத்துவிடும்.

இது போனில் வந்த குறை இல்லை. நம்ம ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே 1856-ல், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை எல்லாம் படம் பிடித்தவர் அவர். அந்தக் கால நெகடிவில் நீல ஒளிதான் அதிகமாகப் பதியும். அதனால் அச்சில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மேலேயே சாயம் பூசி மேகம் வரைந்துவிட்டார்! அதே காலத்தில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று போனில் உள்ள எச்.டி.ஆர். செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் சில படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. ஆனால் அலையில் ஆடுகிற படகு சில சமயம் இரட்டையாக விழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, திரும்பி நிற்பது. நம்ம கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் எதிரில். சாயங்காலம் அதே கடலைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பல நாள் சாயங்காலம் மேற்கே இடி மழை கிளம்பி, ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் மேற்கே கொஞ்சம் வெளுத்தால் போதும். தாழ்ந்த மஞ்சள் வெயில் படகின் மேலும் ஆளின் முகத்திலும் நேராக விழும், பின்னால் கறுத்த மேகம். அதிர்ஷ்டம் இருந்தால் வானவில்லும் உண்டு. சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்கிறவனுக்கு அது தெரியும் என்பதால் சாயங்காலம்தான் அதற்கு நேரம். மழையே இல்லாத நாளிலும் சூரியன் மறைந்த உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கடலுக்கு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும், அதற்கு மேல் ரோஸ் நிறம். அந்த நீலப் பட்டை பூமியின் நிழல்!

நிற்கிற இடமும் முக்கியம். வெறும் வானத்தை எடுத்தால் அது எந்த ஊர் வானமாகவும் இருக்கலாம். தூண்டில் வளைவின் கல்வரிசையை ஓரத்திலிருந்து உள்ளே ஓடவிடுங்கள். மண்டி போட்டு எடுத்தால் படகின் முனை கடல்கோட்டைத் தாண்டி வானத்துக்குள் போய் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், அவசரமில்லாமல் பழகலாம். கடல்கோடு சாயாமல் பாருங்கள். அப்புறம், லென்ஸைத் துடையுங்கள். உப்புக் காற்றில் பத்து நிமிஷத்தில் பிசுபிசுவென்று படிந்து படமே மங்கிவிடும். (நான் ஒரு மாசம் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.) துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். புயல் கூண்டு ஏற்றிய அன்று பாசி படிந்த கல் மேல் ஏறவே ஏறாதீர்கள்.

கூண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு வானம் பிரமாதமாக இருக்கிற நாளில்தான் பல வீடுகளில் உலை வைக்க யோசிப்பார்கள். கடலுக்குப் போகாவிட்டால் பங்கு கிடையாது. அப்படி ஒரு சாயங்காலம் நான் போனோடு ஓடியபோது அப்பா கரையில் கட்டிய படகில் சும்மா உட்கார்ந்திருந்தார். "நல்லா மோடம் போட்ருக்கு, எடுத்துக்கோ" என்றார். கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். மேற்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மூக்கோரத்துத் தழும்புகூடத் தெரிகிறது.

அம்மா அதைக் கழுவச் சொல்லி, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாங்க. அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கிற மேகத்தைக் காட்டி, "அன்னிக்கி நாலாவது நாளு, போட்டு இறங்கவே இல்ல" என்பார்.