துவிச்சக்கர வண்டியும் மழை புகாத பையும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மடவளை வழியாகச் செல்லும் பாதையில் அமைந்துள்ள சிறு பட்டினம் வத்தேகம. வத்துகாமம் என்றும் இதனைத் தமிழர் வழங்குவர். 1880 ஆம் ஆண்டிலே மாத்தளை வரை நீட்டப்பெற்ற புகையிரதப் பாதை இவ்வூரினூடாகவே செல்கின்றது. இங்கிருந்து பன்விலை, மடுல்கலைத் தோட்டங்களை நோக்கி ஏறுகின்ற வீதிக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் இப்பகுதிக்கு மழை தருவன. இடைப்பட்ட மாதங்களின் இயல்பு வேறு. சிறப்பாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை முழுவதும் வெயில் எறித்துவிட்டு, பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். பாடசாலை விடும் நேரமோ பிற்பகல் 1.30 மணி. ஆகவே, மேகமற்ற வானத்தை நம்பிக் காலையிற் புறப்பட்ட பிள்ளையும் ஆசிரியரும் திரும்பி வரும்போதுதான் மழையில் அகப்படுகின்றனர்.

மலைநாட்டிலே துவிச்சக்கர வண்டி, யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடுவது போல எளிதில் ஓடுவதன்று. ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டும். இறக்கத்திற் பிரேக்கை விடாது பற்றவேண்டும். இக்காரணத்தால் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தாதிருந்த பலர், 2022 ஆம் ஆண்டிலே மனம் மாற நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படுமென அரசாங்கம் அறிவித்தது. துவிச்சக்கர வண்டிகளுக்குக் கிராக்கி பெருகியது, விலையும் ஏறியது. வண்டி வாங்கியோர் அதற்கு மணி வாங்கினர், பூட்டும் வாங்கினர். பையைப் பற்றி எண்ணியோர் சிலரே. முதல் மழை வந்த பின்னரே அந்த எண்ணம் வந்தது.

நனைந்த சட்டை ஒரு மணி நேரத்திற் காய்ந்துவிடும். நனைந்த கொப்பி அவ்வாறன்று. மை கரைந்து மறுபக்கத்தில் ஊறிவிட்டால், ஒரு தவணை முழுவதும் எழுதிய குறிப்புகள் அழிந்தனவே. 1980 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைப் பாடசாலைகளில் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆனால் ஆண்டின் நடுவில் ஒரு நூல் ஊறிப் பழுதானால், அதற்கு மாற்று நூல் உடனே கிடைத்துவிடுமென்று கூறவியலாது. இவற்றினும் மேலானது பரீட்சை அனுமதி அட்டை. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, அதிபரின் கையொப்பத்தோடு கூடிய அத்தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் வரும்போது மழை பிடித்துக்கொண்டால், அவள் அஞ்சுவது தன் உடல் நனைவதற்காக அன்று.

கடைகளிலே தொங்கும் பைகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘வாட்டர் புரூப்’ என்ற பெயர் உண்டு. விற்பவர் ஒரு குவளை நீரைப் பையின் மேல் ஊற்றிக் காட்டுவார். நீர் முத்து முத்தாக உருண்டோடும். வாங்குபவரும் திருப்தியடைவார். இச்சோதனை துணியைப் பற்றியதேயன்றிப் பையைப் பற்றியதன்று. துணியினூடாக நீர் புகுவது அரிது. தையலும் வாயுமே நீர் புகும் வழிகள்.

இக்குறை புதியதன்று. 1823 ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்டொஷ் என்பவர், இறப்பரை நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் நப்தாவிற் கரைத்து, அக்கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணியொன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். துணி நல்லதே. எனினும் தையற்காரர் அதனை ஊசியாற் குத்தி மேலங்கி தைத்தபோது, ஊசித் துளைகள் வழியே மழை உள்ளே சென்றது. வெப்பத்தில் ஒட்டிக்கொள்வதும் குளிரில் விறைப்பதும் அதன் மற்றைய குறைகள். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இறப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு சார்ள்ஸ் குட்இயர் 1844 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பின் அவை தீர்ந்தன. ஊசித் துளை தீரவில்லை. 1876 ஆம் ஆண்டிலே கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடை பூங்காவில் இறப்பர் நடப்பெற்று, பின்னர் இந்நாட்டின் பெருஞ்செல்வமாகவும் வளர்ந்தது. அப்போதும் மழையங்கியின் தோளோரத்திற் பழைய ஒழுக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு தையலில் மூன்று மில்லிமீற்றருக்கு ஒரு துளை என்று கொண்டால், ஒரு மீற்றர் நீளத் தையலில் முந்நூறுக்கு மேற்பட்ட துளைகள் உள. பருத்தி நூலாயின், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்நூல் நீரை உள்ளே இழுத்துச் செல்லும். ஆகவே பை வாங்குபவர் முதலிற் செய்யவேண்டியது, பையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது. தையல் மீது பிளாஸ்டிக் நாடா ஒட்டப்பட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். தையலே இல்லாது, விளிம்புகள் சூட்டினால் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பட்டிருந்தால் முழுமையாக நம்பலாம். லொறிகளின் மேல் விரிக்கும் தறப்பாளைப் போன்ற, பீ.வீ.சீ. பூசிய பொலியெஸ்டர் துணியே இவ்வாறு உருக்கி ஒட்டுவதற்கு ஏற்றது. ஜெர்மனியில் 1982 இல் தோன்றிய ஓர்ட்லீப் என்னும் நிறுவனம் தறப்பாள் துணியாலேயே துவிச்சக்கர வண்டிப் பைகளைச் செய்யத் தொடங்கிற்று. சூரிச் நகரத்துச் சகோதரர் இருவர் 1993 இல் பழைய லொறித் தறப்பாளை வெட்டித் தோட்பை செய்து பெயர் பெற்றனர்.

அடுத்தது வாய். சாதாரண சிப், எத்துணை அழகாயிருப்பினும், பல்வரிசைக்கிடையே நீரை விடும். அதன் மேல் ஒரு மடிப்புத் துணி மூடியிருந்தாற் சிறு மழையைத் தாங்கும். உருட்டி மூடும் வாயே சிறந்தது: வாயின் இரு விளிம்புகளையும் சேர்த்து, மூன்று முறையேனும் கீழ்நோக்கிச் சுருட்டி, இரு முனைகளையும் கொளுவியாற் பூட்டுவது. இதற்குப் பை உயரமாயிருத்தல் வேண்டும். ஏ4 தாளின் உயரம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். சுருட்டுவதற்கு மேலும் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் வேண்டும். கடையிற் பார்க்கும்போது தாராளமாகத் தோன்றும் பை, சுருட்டியபின் பாடநூலுக்குப் போதாமற் போவது பலர் கண்ட அனுபவம்.

சில பைகளில் ஐ.பீ.எக்ஸ். என்ற எழுத்துகளோடு ஓர் எண் காணப்படும். 4 எனின் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 எனின் விசையோடு பீச்சும் நீரைத் தாங்கும். 7 எனின் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. மகாவலி கங்கையில் வண்டியோடு விழும் எண்ணம் இல்லாதவர்க்கு 6 போதும்.

பையை எங்கே வைப்பது என்பதும் சிந்திக்கற்பாலது. முதுகிற் சுமப்பவர், மழையிலிருந்து புத்தகத்தைக் காத்தாலும், ஏற்றத்தில் வியர்வையால் நனைவர். அதனினும் முக்கியம், பாரம் உயரத்தில் இருப்பது. ஈரமான சக்கரப் பட்டத்திற் பிரேக் கட்டை தாமதித்தே பிடிக்கும். அவ்வேளையில் ஓர் இறக்க வளைவிலே முதுகுச் சுமை ஒருபக்கம் சாய்ந்தால் வண்டியும் சாய முற்படும். கரியரின் பக்கத்திலே தாழத் தொங்கும் பை இத்தொல்லை தராது. ஆனால் அதற்கு மழை மேலிருந்து மட்டும் வருவதன்று. சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் கீழிருந்தும் வரும். ஆகவே அடிப்பாகத்திலே தையல் இருத்தலாகாது. மட்காட் இல்லாத புதுமாதிரி வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் பட்டி ஒன்று இருப்பது, மூடுபனியில் வரும் பஸ் சாரதிக்கு உதவும்.

இத்தகைய பையின் விலை எல்லோர்க்கும் எட்டுவதன்று. எட்டாதவர், உள்ள பையையே வைத்துக்கொண்டு, அதனுள்ளே தடித்த பொலித்தீன் உறை ஒன்றை இட்டு, புத்தகங்களை அதில் வைத்து வாயை இருமுறை மடித்துவிடலாம். வெளிப்பை நனையும், புத்தகம் நனையாது. அனுமதி அட்டையைத் தனியாக இன்னொரு சிறிய உறையிலிட்டு நூல்களின் நடுவே வைப்பது நன்று. லொறித் தறப்பாள் தைப்பவரிடம் துண்டுத் துணி வாங்கிப் பை தைப்பித்துக்கொள்வோர், தையலின் மேல் பசை பூசவேண்டும். ரியூப் ஒட்டும் சொலூசன் இத்துணியில் நன்கு பிடிக்காது, பீ.வீ.சீ.க்கு உரிய பசையே வேண்டும்.

எப்பையாயினும் வீட்டிலே ஒருமுறை சோதித்தல் வேண்டும். பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி உள்ளே நிரப்பி, வாயை மூடி, குழாயின் கீழ் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பிடித்துவிட்டுத் திறந்தால், எவ்விடத்துத் தாள் நனைந்துள்ளதோ அவ்விடத்தில் ஒழுக்கு உண்டு.

நீர் புகாத பைக்கு நீரை வெளியே விடாத குணமும் உண்டு. நனைந்த குடையை அதனுள் வைத்து மூடினால், வீட்டுக்கு வந்து திறக்கும்போது புத்தகங்கள் உள்ளேயே நனைந்திருக்கும். குடைக்கும் மழையங்கிக்கும் வெளியே ஓரிடம் வேண்டும். மலைநாட்டு ஈரக்காற்றிலே மூடிவைத்த பையில் பூஞ்சணம் பிடிப்பதும், உட்பூச்சு பிசுபிசுத்து உரிவதும் உண்டு. ஆதலால் மாலையிற் பையைக் காலிசெய்து, சேற்றைக் கழுவி, வாயை அகலத் திறந்து, வெயிலிலன்றி நிழலிலே கவிழ்த்துத் தொங்கவிடுதல் வேண்டும்.