ஓடும் வீட்டையும் விடாத உப்புத் தண்ணி: ஆர்.வி.யில் வாட்டர் சாஃப்ட்னர் பொருத்துவது எப்படி?

பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு, அடைத்துக்கொண்ட ஷவர். போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லை. அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டில் ஊர் சுற்றுபவர்களுக்கும் இதே தலைவலிதான். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும்.

என்ன பிரச்னை?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது 'மிகக் கடின நீர்' என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம். லாஸ் வேகாஸ் குழாய்த் தண்ணீரில் இது ஏறத்தாழ 280. சூடாக்கும்போது சுண்ணாம்பு படியும். ஆர்.வி.யின் ஹீட்டர் பெரும்பாலும் 23 முதல் 38 லிட்டர் கொள்ளளவுதான். அந்தச் சின்ன டேங்கில் படிவு ஏறினால் கேஸ் செலவு கூடும், ஹீட்டரின் ஆயுள் குறையும். ஆர்.வி.யையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்களுக்கு இது சின்னச் செலவு இல்லை.

சாஃப்ட்னர் என்ன செய்யும்?

சின்ன கேஸ் சிலிண்டர் போன்ற டேங்க். உள்ளே ரெசின் மணிகள். தண்ணீர் உள்ளே போகும்போது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்ததும் சாப்பாட்டு உப்பைப் போட்டு மறுபடி 'சார்ஜ்' செய்ய வேண்டும். ஆமாம், உப்புத் தண்ணியைச் சரிசெய்ய உப்பேதான் வேணும்!

எந்த வரிசையில் மாட்டணும்?

1. முகாம் குழாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர். சில இடங்களில் வரும் அழுத்தம் ஆர்.வி. பைப்புகளுக்குத் தாங்காது.
2. அடுத்து மண், துரு பிடிக்கும் ஃபில்டர். இல்லாவிட்டால் அழுக்கு ரெசினில் போய் அடைக்கும்.
3. அப்புறம் சாஃப்ட்னர். 'இன்', 'அவுட்' மாறிவிடக் கூடாது.
4. கடைசியில் குடிநீருக்கான ஹோஸ் வழியாக வண்டிக்கு.

டேங்க் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கிளம்பும் முன் கழற்றி, சாயாதபடி கட்டி வைக்க வேண்டும்.

எத்தனை நாள் வரும்?

சாஃப்ட்னரின் திறனை 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். ஒரு கேலனுக்கு 1 கிரெயின் என்றால் லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். லாஸ் வேகாஸ் தண்ணீர் சுமார் 16 கிரெயின். 16,000 கிரெயின் திறனுள்ள கருவி அங்கே 1,000 கேலன், அதாவது சுமார் 3,785 லிட்டரை மென்மையாக்கும். தினம் 150 லிட்டர் செலவானால் 25 நாள். அடுத்த ஊரில் கடினத்தன்மை பாதியானால் நாள் இரட்டிப்பாகும். அதனால் காலண்டரை நம்ப வேண்டாம், டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நம்புங்கள்.

மறுபடி சார்ஜ் செய்வது?

குழாயை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மாடலைப் பொறுத்து 737 கிராம் உப்பு டப்பா ஒன்றோ இரண்டோ தேவைப்படும். உப்பைப் போட்டுத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் உப்பு வேலை செய்யாமலே வெளியே ஓடிவிடும். எந்தப் பக்கமாக விடுவது என்பதை மேனுவல் சொல்லும். முடிவில் உப்புச் சுவை போகும்வரை அலச வேண்டும். வெளியேறும் உப்பு நீரைச் செடி, புல்லில் விட்டால் கருகிவிடும், சாக்கடை இணைப்பில் விடுவதே சரி.

கவனம் தேவை

சாஃப்ட்னர் கிருமியைக் கொல்லாது. அது பியூரிஃபையர் இல்லை. தவிர, 280 மில்லிகிராம் கடின நீரை மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 130 மில்லிகிராம் சோடியம் சேரும். பி.பி., சிறுநீரகப் பிரச்னைக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் குடிக்கும் தண்ணீரைச் சாஃப்ட்னருக்கு முன்பே தனியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

குளிர்காலத்தில் டேங்கில் தண்ணீரை விட்டுவைத்தால் உறைந்து விரிசல் விடும். வடித்துவிட்டு, உறையாத இடத்தில் வைக்க வேண்டும். அதற்காக ரெசினை ஒரேயடியாகக் காயவிடவும் கூடாது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். மென்மையான தண்ணீர் ஓடும் ஊர்களிலேயே சுற்றுபவருக்கு இந்தச் செலவே தேவைப்படாது.