தார்ச்சாலைக்கும் கரடுமுரடுக்கும் ஒரே டயர்

சேறு, மணல், பாறை என்று கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்காகச் செய்த டயர் தார்ச்சாலையில் முதல்தரமாக இருக்க முடியாது. தார்ச்சாலைக்கென்றே செய்த டயர் மழைக்கால வரப்பு ஒன்றைத் தாண்டுவதற்குள் தோற்றுவிடும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்கா போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகள் இந்த இரண்டு இடங்களுக்கும் போகின்றன. பெரும்பாலான நாட்களில் அவை ஓடுவது அலுவலகச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும். தோட்டத்துக்கோ மலைக்கோ போகும் நாட்கள் குறைவு. பழைய டயர் தேய்ந்து, புதிதாக ஒரு செட் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தக் குறைவான நாட்களே மனத்தில் பெரிதாக நிற்கின்றன. முரட்டுப் பட்டன் வைத்த டயர் வண்டியின் தோற்றத்தையே மாற்றிவிடுவதும் ஒரு காரணம். ஆனால் ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி எத்தனை அடி தள்ளி நிற்கும் என்பதையும் அதே டயர்தான் தீர்மானிக்கிறது.

தார்ச்சாலையில் பிடிப்பு, ரப்பர் சாலையைத் தொடும் பரப்பிலிருந்து வருகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ எடை இருந்து, டயருக்குள் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தரையைத் தொடும் பகுதி சுமார் 200 சதுர சென்டிமீட்டர். வண்டி திரும்புவது, வேகமெடுப்பது, நிற்பது எல்லாம் இந்தச் சிறிய பரப்பை நம்பியே நடக்கின்றன. ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திக் கவ்வுகிறது. எவ்வளவு ரப்பர் தொடுகிறதோ, அந்த ரப்பர் எவ்வளவு இளக்கமானதோ, பிடிப்பும் அவ்வளவு.

இளகிய மண்ணில் ரப்பர் கவ்வுவதற்கு எதுவும் இல்லை. கவ்விய மண் உதிர்ந்து போகும். அங்கே பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் மண் புகுந்து இறுகி, அந்த மண்ணும் கீழே கிடக்கும் மண்ணும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வண்டி நகர்கிறது. ஆகவே பள்ளம் அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது உள்ளே அடைந்த சேறு வெளியே தெறித்து விழவும் இடம் வேண்டும். பள்ளம் கூடினால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறையும். டயர் வகைகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்து பிறக்கிறது.

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். எச்/டி என்பது நெடுஞ்சாலை டயர்: நெருக்கமான பட்டன், குறைந்த சத்தம், நல்ல மைலேஜ். எம்/டி என்பது சேற்று டயர்: பெரிய கட்டிகளாகப் பட்டன்கள், அவற்றுக்கிடையே விரல் நுழையும் பள்ளங்கள், தோள்பட்டையிலும் பக்கச் சுவரிலும் நீண்டு இறங்கும் பற்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ/டி, அதாவது எல்லா நிலத்துக்குமான டயர். 1976இல் அமெரிக்காவின் பிஎஃப் குட்ரிச் கொண்டுவந்த ரேடியல் டயர் இந்த நடுவகையின் முன்னோடிகளில் ஒன்று. இன்று எம்ஆர்எஃப் வாண்டரர், அப்பல்லோ ஆப்டெரா, சியட் ஜார், யோகஹாமா ஜியோலாண்டர் ஆகிய பெயர்களில் இவை விற்கின்றன. ஒரே பெயரில் எச்/டியும் ஏ/டியும் வருவதுண்டு என்பதால், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்து வாங்க வேண்டும். ஏ/டி என்ற எழுத்தும் முழுத் தகவல் அல்ல. சில ஏ/டி டயர்கள் நெடுஞ்சாலை டயரை ஒட்டியவை, சில சேற்று டயருக்கு உறவு. பட்டனின் நெருக்கத்தைக் கண்ணால் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

சேற்று டயரை வாங்கியவர்கள் முதலில் உணர்வது சத்தம். பட்டன்களுக்கு நடுவில் அடைபடும் காற்று நசுங்கி வெளியேறும்போது எழும் இரைச்சல் அது. வேகம் கூடக் கூட முனகலும் கூடும், டயர் தேயத் தேய இன்னும் உரக்கும். எரிபொருள் செலவும் கூடும், ஏனென்றால் டயரின் எடையும் உருளும்போது அது தரும் எதிர்ப்பும் அதிகம். ஸ்டீயரிங் சற்றே தாமதமாகப் பதில் சொல்லும். இவையெல்லாம் பழகிவிடும் சங்கடங்கள். ஈரச் சாலையில் நிற்கும் தூரம் மட்டும் பழகிக்கொள்ளும் விஷயமல்ல.

நெடுஞ்சாலை டயரின் பட்டன்மேல் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். சாலையில் படிந்த நீர்ப்படலத்தை வெட்டி, ரப்பரைத் தாரோடு சேர்த்துவைப்பவை அவை. சேற்று டயரின் பெரிய கட்டிகளில் அந்தக் கீறல்கள் மிகக் குறைவு. கல் கிழிக்காமல் இருப்பதற்காக ரப்பர் கலவையையும் கடினமாக வைப்பது வழக்கம். சாலையில் கணுக்கால் அளவு நீர் தேங்கி நின்றால் அதன் அகலப் பள்ளங்கள் நீரை நன்றாகவே வெளியேற்றும். ஆபத்து இருப்பது ஆழமான நீரில் அல்ல, பளபளக்கும் மெல்லிய ஈரத்தில். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலில், பல மாத எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும் சாலையில், எம்/டி டயர் போட்ட வண்டி நிற்பதற்கு நெடுஞ்சாலை டயரை விடக் கூடுதல் தூரம் கேட்கும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவை அத்தனையும் தார். மலையுச்சியின் மண்பாதைக்காக வாங்கிய டயர் அந்த 70 வளைவுகளிலும் மழையில் ஏறி இறங்க வேண்டும்.

எந்த டயர் என்ற கேள்விக்கு, வண்டி போகும் மண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். செம்மண் பாதை, சரளை, ஏரிக்கரை, தோப்புக்குள் வண்டித்தடம் என்பவைதான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சாலையை விட்டு இறங்கும் இடங்கள். இவற்றுக்கு ஏ/டி தாராளம். வறண்ட காலத்தில் மட்டும் போகிறவருக்கு நல்ல எச்/டி டயரே போதும். வண்டியோடு வந்த டயரை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டியதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வேறு சங்கதி. மழை பெய்தால் அந்த மண் பட்டனுக்குள் அப்பிக்கொண்டு, சில சுற்றுகளிலேயே டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். ஏ/டியின் நெருக்கமான பள்ளங்களால் அதை உதற முடியாது. மழை மாதங்களிலும் கரிசல் காட்டுக்கு அன்றாடம் போய்வந்தே ஆகவேண்டிய விவசாயிக்கு எம்/டி நியாயமான தேவை.

கற்பாதை இன்னொரு வகைச் சோதனை. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஏறும் ஜீப் பாதையில் சேற்றை விடக் கல்தான் எதிரி. கூரிய கல் பட்டனைக் கிழிப்பதை விடப் பக்கச் சுவரைக் கிழிப்பதே அதிகம், அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. எனவே அத்தகைய இடங்களுக்குப் பட்டனின் முரட்டுத்தனத்தை விடப் பக்கச் சுவரின் அடுக்குகள் முக்கியம். டயரில் எல்.டி. என்ற எழுத்தோ, 6 பி.ஆர்., 8 பி.ஆர்., 10 பி.ஆர். என்ற குறியோ இருந்தால் அது பளு வண்டிக்குரிய உறுதியான கட்டமைப்பு. எண் கூடினால் உறுதி கூடும். எடையும் கூடும், சாலையில் குலுக்கலும் கூடும். அதே சுமையைத் தாங்க இவ்வகை டயருக்குச் சாதாரண டயரை விட அதிகக் காற்றும் தேவை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு 10 பி.ஆர். டயர் வீண் சுமை.

மணலில் எல்லாக் கணக்கும் தலைகீழ். தேரிக்காட்டுச் செம்மணலிலோ கடலோர மணலிலோ முரட்டுப் பட்டன் மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். அங்கே தேவை மிதப்பது. அதற்குப் பரந்த அடித்தடம் வேண்டும். அது காற்றை இறக்குவதால் கிடைக்கிறது. (ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணலில் எந்த டயரோடும் வண்டியை இறக்கக் கூடாது.)

பிஎஸ்ஐ அளவை 32இலிருந்து 16க்கு இறக்கினால் முன்சொன்ன 200 சதுர சென்டிமீட்டர் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பக்கச் சுவரும் எடையில் ஒரு பங்கைச் சுமப்பதால் கணக்கு அப்படியே வராது, ஆனாலும் மாற்றம் பெரியது. தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் வளர்கிறது. பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும், சிறு கற்களின் மேல் டயர் மடங்கிப் படியும். 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே சரளைப் பாதையில் வண்டி மெத்தென்று போகும். ஆழமான மணலுக்கு 15 முதல் 18 வரை. அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழித்து முரட்டு டயர் வாங்குவதை விட, சாதாரண ஏ/டி டயரோடு ஒரு காற்றளவு மானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வாங்குவது பெரும்பாலானவர்களுக்கு அதிகப் பயன் தரும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காற்றை நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் ஓடினால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும், அந்தச் சூட்டில் வெடிக்கவும் கூடும்.

காற்றை இறக்கிப் பயன்பெற, மடங்குவதற்குப் பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும். இங்கேதான் அளவு எண்கள் உதவுகின்றன. 245/75 ஆர்16 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். அந்த உயரம் ஏறக்குறைய 184 மில்லிமீட்டர். 2020இல் வந்த தார் வண்டியில் இந்த அளவும் 255/65 ஆர்18 என்ற அளவும் மாடலுக்கேற்ப இருந்தன. இரண்டாவதன் பக்கச் சுவர் சுமார் 166 மில்லிமீட்டர்தான். மொத்த விட்டத்தில் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே. பெரிய அலாய் ரிம் அழகாகத் தெரியும், நெடுஞ்சாலை வளைவில் இறுக்கமாகவும் நிற்கும். கல்லிலும் மணலிலும் சிறிய ரிம்மும் உயர்ந்த ரப்பருமே நல்லவை. சாலையை விட்டு அடிக்கடி இறங்குகிறவர் பெரிய ரிம்முக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

டயரையே பெரிதாக்கும் ஆசை இன்னும் பரவலானது. 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டரிலிருந்து 804க்குப் போகும். தரையிலிருந்து வண்டி உயர்வது இதில் பாதி, ஒன்றரை சென்டிமீட்டர். பதிலுக்கு, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இழுவை குறையும், முழுத் திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசக்கூடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துத்தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப வழியுண்டு. பட்டன் வகையை மாற்றலாம், அளவைத் தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள் வைத்துக்கொள்வதே சரி.

அளவுக்கு அடுத்து ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எண் சுமையைக் குறிக்கும்: 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 111 என்றால் 1090 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கும்: கியூ 160 கிலோமீட்டர், எஸ் 180, எச் 210. சேற்று டயர்கள் பல கியூ வகையைச் சேர்ந்தவை. பழைய டயரில் இருந்த சுமை எண்ணுக்குக் குறைந்ததை எக்காரணத்தாலும் வாங்கக் கூடாது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பனிமலைச் சின்னம் போட்ட டயருக்குக் கூடுதல் விலை கேட்டால், இமயமலைப் பக்கம் குளிர்காலத்தில் போகாதவர் கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது ஐந்தாகவே கணக்கிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னச்சும் பின்னச்சும் இறுகப் பிணைந்து சுற்றுவதால், டயர்களின் விட்டம் மாறினால் கியர்களில் திருகு விசை ஏறிப் பழுதாகும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகையாக இருந்தால்தான் காட்டுக்குள் ஒரு டயர் கிழிந்தாலும் நான்கு சக்கர இயக்கத்தோடு திரும்பிவர முடியும். அதே டயர் இன்னும் இரண்டு ஆண்டு கழித்து ஒற்றையாகக் கிடைக்குமா என்றும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020 ஜூனில் ஒன்றிய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டும் என்றாக்கியது. வெளிநாட்டு டயரின் ஐந்தில் ஒன்று கிழிந்து, அதற்கு இணை தேடி அலைவதை விட, இங்கேயே தயாராகி ஊர்க்கடையில் கிடைப்பதை வாங்குவது மேல்.

போட்ட பிறகு அலைன்மென்ட் பார்த்து, ஏறக்குறைய 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றி வந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தேயும், சத்தமும் அடங்கியிருக்கும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் தெரியும் தேய்மானக் கட்டையின் உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் சட்டப்படியான ஆயுள் முடிந்தது. முரட்டு டயரின் சேற்றுப் பிடிப்பும் ஈரப் பிடிப்பும் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். பாதி தேய்ந்த ஏ/டி டயரை மழைக்காலத்தில் மண்பாதைக்கு நம்பிப் போவதற்கு முன், பள்ளத்தின் ஆழத்தை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.