தோப்பைத் தோப்பாகவே காக்க ஒரு கிரயம்

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மலையடிவாரம் வரை தொடர்ந்து நிற்கும் மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் காண்பவர்கள், அவையும் வனத்துறையின் பரிபாலனத்தில் உள்ளவை என்று எண்ணிவிடுவது இயல்பே. ஆயினும் வன எல்லைக்கு இப்புறம் உள்ள தோப்புகள் பல, தனியார் பட்டா நிலங்களே ஆகும். 1988-இல் இங்கே நரை அணில் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. அந்தச் சட்டப் பாதுகாப்பு எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தோப்பு தோப்பாகவே நீடிப்பதும் வீட்டுமனையாக மாறுவதும் உடையவரின் வசதியையும் தரகர் சொல்லும் விலையையும் பொறுத்தவை.

நரை அணிலுக்கோ இந்தத் தோப்புகள் காட்டின் தொடர்ச்சியே. மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடத்தில் குச்சியும் இலையும் கொண்டு கூடு கட்டி, அபாயம் நேர்ந்தால் தரையில் இறங்காமல் கிளைவழியே தப்பிச் செல்வது அதன் சுபாவம்; ஆதலால் நடுவே ஒரு வரிசை மாமரங்களை வெட்டிச் செம்மண் சாலை போட்டுவிட்டால், எஞ்சிய மரங்கள் எத்தனை செழிப்பாக இருந்தாலும் அதன் பாதை அறுபட்டுப் போகிறது. மஞ்சள் வர்ணம் பூசிய மனைக்கற்கள் நடப்படுவதற்கு முன்பே அந்தச் சேதம் நிகழ்ந்து முடிந்துவிடும்.

இத்தகைய நிலங்களைக் காப்பதற்கு அமெரிக்க தேசத்தில் அரை நூற்றாண்டாக ஒரு முறை அனுஷ்டிக்கப்படுகிறது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம் 1974-இல் தொடங்கிய அதனை மேரிலாந்து மாநிலம் 1977-இல் மேற்கொண்டது; 2014-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் மத்திய சர்க்காரின் உதவிகளை ஒரே திட்டமாக்கிற்று; 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஆண்டொன்றுக்கு 45 கோடி டாலர் ஒதுக்கியது. அதன் உட்பொருள் கடினமானதன்று. மேல்வாரம் ஒருவருக்கும் குடிவாரம் இன்னொருவருக்குமாக ஒரே நிலத்தின் உரிமைகள் பிரிந்து கிடந்த காலத்தை அறிந்த நமக்கு, நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் தனியே பிரித்து விற்கலாம் என்பது விளங்காத விஷயமாக இராது. ஒரு தோப்பு ஏக்கருக்கு, மனையாக விற்றால் 40 இலட்சமும் தோப்பாக விற்றால் 15 இலட்சமும் கிடைக்கும் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 25 இலட்சமே அந்த உரிமையின் மதிப்பு. அதில் பாதிவரை மத்திய சர்க்கார் தரும். எஞ்சியதை மாநிலமோ உள்ளூர் அறக்கட்டளையோ அளிக்கும். உடையவரே ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதும் உண்டு. நிலம் அவருடையதாகவே இருக்கும். அவர் பயிரிடலாம், விற்கலாம், மக்களுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் மனை போடலாகாது என்ற நிபந்தனை நிலத்தோடு சாசுவதமாகப் போகும். அது மீறப்படவில்லை என்பதை ஆண்டுதோறும் நேரில் பார்த்து உறுதி செய்யும் பொறுப்பும் உரிமையை வாங்கிய ஸ்தாபனத்துக்கு உண்டு.

நம் நாட்டில் இதற்கு நேரான ஏற்பாடு இல்லை. 1882-ஆம் ஆண்டின் பாத்தியதைச் சட்டம், தடப் பாத்தியம், நீர்ப் பாத்தியம் போன்றவற்றை ஒரு நிலத்தின் உடையவர், தம் நிலத்தை நன்கு அனுபவிக்கும் பொருட்டு, பிறர் நிலத்தின்மீது கொள்ளும் உரிமையாகவே காண்கிறது. நிலமில்லாத ஓர் ஸ்தாபனம் ஊர் நன்மைக்காக அத்தகைய உரிமையை வாங்கி வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. எனினும், பிறர் தம் நிலத்தில் ஒன்றைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. செண்பகத்தோப்பில் பல தோப்புகளை அடுத்திருப்பது சர்க்காரின் காடு. ஆகவே காட்டை உடைய சர்க்கார், அண்டைத் தோப்பின்மீது கட்டடம் எழுப்பாமைக்கான பாத்தியதையைக் கிரயம் கொடுத்துப் பெற முடியுமா என்பது சட்ட நிபுணர்கள் சிந்திக்கத்தக்க கேள்வி என்று கருதுகிறேன். காட்டை ஒட்டாத தோப்புகளுக்குப் புதுச் சட்டம் இயற்றியே ஆகவேண்டும்.

2002-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சமூகக் காப்பகம் என்ற பிரிவு சேர்ந்தது. தனிநபரும் தாமாக முன்வந்து தம் நிலத்தை அதில் சேர்க்கலாம். சேர்த்தபின் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில சர்க்காரின் சம்மதமும் இன்றி நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. அமெரிக்க முறைக்கு மிக அருகில் வருவது இதுவே. ஆனால் துறந்த உரிமைக்கு இதில் கிரயம் கிடையாது. 2020-இல் காவிரி டெல்டாவுக்கென்று இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ எண்ணெய், எரிவாயு, உருக்காலை போன்றவற்றைத் தடுக்கிறதே ஒழிய வீட்டுமனையைத் தடுப்பதில்லை. விளைநிலத்தை மனையாக்க அனுமதி வேண்டும் என்ற விதி மாநிலமெங்கும் உண்டு; அனுமதி கிடைத்த மறுகணமே அந்தத் தடை தீர்ந்துபோகிறது.

தடைச் சட்டங்களில் நான் காணும் பெருங்குறை, பொது நன்மையின் செலவு முழுவதையும் தோப்புக்காரர் ஒருவர் தலையில் சுமத்துவதே. யானை இறங்கித் தென்னையைச் சாய்க்கும் நஷ்டத்தைச் சகித்து, காய்ப்பு ஓய்ந்த மாமரத்தை வெட்டாமல் வைத்திருப்பவரிடம், பக்கத்து நிலம் விற்ற விலையை எண்ணாமல் இருக்கும்படி உபதேசம் செய்வது நியாயமாகாது. கிரயம் கொடுக்கும் பத்திரத்திலும் கட்டடத் தடை மட்டும் இருந்தால் போதாது. முதிர்ந்த மரங்களை ஒருசேர வெட்டலாகாது, வெட்டிய இடத்தில் மறுநடவு செய்தல் வேண்டும் என்பனவும் இடம்பெற வேண்டும். அன்றேல் வெட்டவெளியான நிலத்தையே காத்தவர்களாவோம்.

ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைய வேண்டும் என்று சட்டமே விதிக்கிறது. திருவில்லிபுத்தூர்-மேகமலைக் காப்பகத்தின் அறக்கட்டளையை கட்டடம் எழுப்பாமைக்கான பாத்தியதைகளைக் கொள்ளும் ஸ்தாபனமாகப் புதுச் சட்டத்தால் ஆக்கி, மாநில சர்க்கார் வரும் நிதிநிலை அறிக்கையில் சிறு தொகை ஒதுக்கி, செண்பகத்தோப்பில் விருப்பமுள்ள சில தோப்புக்காரர்களோடு பரீட்சார்த்தமாகத் தொடங்க வேண்டும். மலையடிவார நிலத்தின் விலை ஏற ஏற, இதே உரிமையை வாங்கச் சர்க்கார் கொடுக்க வேண்டிய கிரயமும் ஏறிக்கொண்டே போகும்.