ஆடி அமாவாசையும் அலையும் நிலவும்

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில், காவிரிக் கரை ஆடி மாதத்தில் இருமுறை மக்களால் நிறைகிறது: ஒன்று ஆடிப்பெருக்கு, மற்றது முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் ஆடி அமாவாசை. பதினெட்டாம் பெருக்கு சூரியனைக் கொண்டு எண்ணப்படுவதால் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2 அல்லது 3 என்ற அளவில் நிலையாக நிற்க, அமாவாசையோ நிலவைப் பற்றி நடப்பதால் மாதத்துக்குள் அலைகிறது. 2024இல் பெருக்குக்கு மறுநாளே, ஆகஸ்ட் 4இல், வந்த ஆடி அமாவாசை, 2025இல் ஜூலை 24க்கு முன்தள்ளிப் போயிற்று. 2026இல் அதன் நாள் ஆகஸ்ட் 12.

பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் சுற்றும் நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்த ஒளிப்பாதியில் எவ்வளவு பூமியை நோக்கியிருக்கிறதோ அவ்வளவே பிறையாகத் தெரிகிறது. பூமியின் நிழல் படிவதால்தான் நிலவு தேய்கிறது என்று படித்தவர்களும் நம்புவதுண்டு. அது பிழை, நிழல் படிவது கிரகணத்தின்போது மட்டுமே. அமாவாசையன்று நிலவு சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைவதால், அன்று நண்பகலில் காவிரியில் மூழ்கி எழுபவரின் தலைக்கு மேலேயும் அது இருக்கத்தான் செய்கிறது, இருண்ட முகத்தைக் காட்டியபடி, வெயிலின் கூச்சத்தில் மறைந்து. பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை சூரியனை விட்டு விலகி, சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பஞ்சாங்கம் திதி என்று சொல்வது இந்த 12 பாகை விலகலைத்தான். 15 திதிகள் கடந்து 180 பாகையாகும்போது பௌர்ணமி.

நிலவு பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள் போதும் என்றாலும், அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள் பிடிக்கிறது. இப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான். ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு என்பதால் அமாவாசை ஆண்டுதோறும் ஏறத்தாழ அவ்வளவு முன்தள்ளி வருகிறது. 2026 ஜூலை 14இன் அமாவாசை ஆனி முடிவதற்குள்ளேயே வந்துவிடுவதால், அதற்கடுத்தது ஆடிக்குரியதாகிறது.

அமாவாசைதோறும் சூரிய கிரகணம் நேராததற்குக் காரணம், நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பது. சிறிய சாய்வாகத் தோன்றினாலும், வானில் நிலவின் அகலமே அரைப் பாகைதான். 2025 ஆடி அமாவாசையில் நிலவு சூரியனுக்கு ஏறத்தாழ 4 பாகை வடக்கே, எட்டு நிலவுகளை அடுக்கும் இடைவெளியில், நிழலைப் பூமியில் படவிடாமல் கடந்து சென்றது. நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் இரு புள்ளிகளே ராகுவும் கேதுவும். அவற்றுக்கு உடலில்லை என்பதால் நிழற்கோள்கள் என்ற பழம்பெயர் பொருத்தமானதே. சுமார் 173 நாள்களுக்கு ஒருமுறை சூரியன் இவற்றுள் ஒன்றை அடைகிறது. அதையொட்டி வரும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் கிரகணம் கூடும்.

2025 செப்டம்பர் 7 பௌர்ணமி அத்தகையது. இரவு 9.57க்குப் பூமியின் நிழல் நிலவின் விளிம்பைத் தொட, 11.01 முதல் 12.22 வரை நிலவு முழுவதும் நிழலுக்குள் இருந்தது. அப்போதும் அது கருகிப்போகாமல் செம்பு நிறம் கொள்வது, பூமியின் காற்றுமண்டலம் வளைத்தனுப்பும் செவ்வொளியால். அடுத்த அமாவாசையான செப்டம்பர் 21இல் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது, ஆனால் நியூசிலாந்து, அண்டார்டிகா பக்கம். சந்திர கிரகணத்தை இரவாக இருக்கும் ஊரெல்லாம் காணலாம். பூமியில் விழும் நிலவின் நிழலோ ஒடுங்கியது. 2019 டிசம்பர் 26இல் ஈரோடு, கரூர், திருச்சி மக்கள் சூரியனை வளையமாகக் கண்டபோது, நிழலின் நடுப்பாதைக்கு வடக்கே விலகிய தருமபுரிக்குக் கிடைத்தது பிறைச் சூரியன் மட்டுமே.

2026 ஆடி அமாவாசையன்று முழுச் சூரிய கிரகணம் நேர்கிறது. கிரீன்லாந்தும் ஐஸ்லாந்தும் ஸ்பெயினும் இருளும் அந்த வேளையில் ஒகேனக்கல்லில் இரவு பதினொரு மணிக்கு மேல். தருமபுரி முழுமையாகக் காணத்தக்க அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவில் நிகழும்.