மாடு யாருடையது?

மழை விட்ட இரவில் ஓமந்தை தாண்டி வடக்கே வருபவர்களுக்குப் பழகிய காட்சிதான். புளியங்குளம் சந்திக்குச் சற்று முன்னால், ஏ9 வீதியின் நடுவே பத்துப் பதினைந்து மாடுகள் அசை போட்டபடி படுத்திருக்கும். காட்டோரம் சேறும் நுளம்பும். தார் றோட்டு காய்ந்து காற்றோட்டமாக இருக்கும். ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. காலபோகம் விதைத்த பிறகு வயலுக்குள் மாடு விட முடியாது. மேய்ச்சல் தரையும் போதாது. பட்டியிலிருந்து அவிழ்த்து விட்டவை வீதிக்குத்தான் வரும்.

நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் விடும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் விநாடிக்கு 19 மீற்றர் ஓடும். பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவ்வளவும் போய்விடும். ஈரத் தாரில் நிற்க இன்னும் 40 மீற்றருக்கு மேல் வேண்டும். டிம் லைற்றில் அவ்வளவு தூரம் தெரியாது. மாடு நம்மைப் பார்த்து நின்றால் கண் மின்னும், முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் ஒன்றும் மின்னாது. எருமை என்றால் கேட்கவே வேண்டாம். இந்தத் துண்டில் இரவு ஓட்டத்துக்கு 50 போதும்.

நானும் ஒருமுறை மோதியிருக்கிறேன். பொனற் மடிந்து, ரேடியேற்றர் தண்ணீர் பச்சையாக வீதியில் ஓடியது. மாடு எழும்பி நொண்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. விடியும்வரை ஒருவரும் வரவில்லை. விடிந்ததும் இரண்டு பேர் நட்டஈடு கேட்டு வந்தார்கள். "பொலிசில போய்க் கதைப்பமா அண்ணை?" என்றேன். "சும்மா கேட்டனாங்கள் தம்பி, மாடு எங்கடையில்லை" என்று சைக்கிளைத் திருப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பயத்தில் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் காரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு காப்புறுதி கேட்க ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. விபத்து நடந்தால் நிறுத்துவதும் பொலிசுக்கு அறிவிப்பதும் சாரதியின் சட்டக் கடமை. உங்களுக்கான பாதுகாப்பும் அதுவே. முதலில் ஹசார்ட் லைற்றைப் போடுங்கள், பின்னால் பஸ் வரும். காயம் என்றால் 1990, பொலிஸ் அவசர அழைப்புக்கு 119. காரை நகர்த்த முன் படம் எடுங்கள்: வீதி, பிரேக் அடையாளம், கிலோமீற்றர் கல், மாடு. மாட்டின் தொடையில் சுட்ட குறியும் காதுப் பட்டி இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். உரிமையாளர் யார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் கார் திருத்தச் சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தால் அந்த இடத்தில் நின்றபடியே நிறுவனத்துக்கு அழையுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை கராஜில் கை வைக்க விட வேண்டாம்.

மாட்டுக்காரர் அடையாளம் தெரிந்தால், நட்டத்தை மத்தியஸ்த சபையில் கேட்கலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபையில் வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நீங்கள் 90 இல் பறந்து வந்திருந்தால் அவரும் உங்களிடம் கேட்பார், அது நியாயமும்கூட. நாலு மாட்டில் ஒன்று போனால் ஒரு குடும்பத்துக்குப் பால் காசு நின்றுவிடும்.

வீதியில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டி, தண்டம் அறவிடும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. புளியங்குளத்துக்கு அது வவுனியா வடக்குப் பிரதேச சபை. இடம், திகதி, படத்தோடு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம்: சென்ற வருடம் எத்தனை மாடு பிடித்தீர்கள், எவ்வளவு தண்டம் அறவிட்டீர்கள்? தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.